குறச்சு என்றால் என்ன, மச்சான்?

“இல்லீங்க மச்சான், தெரியாமத் திருப்பிட்டேன்னு நீங்க சொன்னத நான் நம்பவே மாட்டேன். செத்துப்போயிட்டா உட்டுருவேன்னு நெனச்சீங்களாக்கு?”

அக்கா இன்று உங்கள் பெட்டியை ஒழித்தாள். அடியில் அந்த டேப் கிடந்தது. போட்டுக் கேட்டோம். முதலில் நீங்கள் இருமுகிறீர்கள், கணீரென்று. அப்புறம் என் பாட்டு, பானைக்குள் மாட்டிய கொசு மாதிரி. அக்கா இருமலையே மூன்று தரம் ஓட்டிக் கேட்டாள். பாடினவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், என் பாட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எழுபதுகளில் பொள்ளாச்சி நாடகக்காரர் ஒருவர் பாட ஆள் தேடினார். குரலைப் பதிந்து அனுப்பச் சொன்னார். தேறினால் ஊர் ஊராகப் போகலாம். எனக்கு அதுதான் உயிராக இருந்தது. அரபு நாட்டு வேலையிலிருந்து லீவில் வந்திருந்த பக்கத்து வீட்டு மலையாளி, நாமெல்லாம் பேர்ஷியாக்காரர் என்போமே, டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டு நெல்லறைக்கு வந்தார். எதிரொலி அடிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் சாக்குத் தொங்கவிட்டோம். மைக்கை என் வாயருகே அவர் பிடித்துக்கொண்டார். பெட்டியில் சத்தத்தைக் கூட்டும் திருகு உங்கள் கையில்.

நான் பாட ஆரம்பித்தேன். சத்தத்தைக் காட்டும் முள் போதுமான அளவு ஏறவில்லை. பாட்டுக் கெடாமல் அவர் மெல்ல, “குறச்சு... குறச்சு...” என்றார். மலையாளத்தில் அது ‘கொஞ்சம்’; இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னார். நீங்கள் தமிழாக எடுத்துக்கொண்டு குறைத்தீர்களாம். அவர் கண்ணை உருட்டி மறுபடி “குறச்சு” என்றார். நீங்கள் பவ்யமாகத் தலையை ஆட்டி இன்னும் குறைத்தீர்கள்.

ஓட்டிக் கேட்டதில் பேட்டரியும் தீர்ந்தது. அவர் அன்றைக்கே டேப் ரெக்கார்டரோடு, விமானம் ஏறப் பம்பாய்க்குக் கிளம்பிவிட்டார்.

“எனக்கென்ன தெரியும் மாப்ளே? கொறைக்கச் சொன்னாரு, கொறச்சேன்.”

வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினேன். குரல் போதாது என்று திரும்பி வந்தது.

உங்களுக்கா மலையாளம் தெரியாது? கொல்லங்கோட்டுச் சாயக்கடையில் தினமும், “சேட்டா, பஞ்சசார குறச்சு குறைக்கணே” என்று சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்கிற ஆளல்லவா நீங்கள்! ஒரே மூச்சில் கொஞ்சத்தையும் குறைப்பதையும் பிரித்துச் சொல்கிற வாய்க்கு, நெல்லறையில் மட்டும் எப்படிக் குழம்பிற்று?

பாட்டுப் பதிந்ததற்கு முந்தின நாள்தான் அக்கா அழுதாள். “அவனும் போயிட்டா எனக்குப் பொறந்த ஊட்டு ஆளுன்னு யாருங்க இருக்கறாங்க?” என்றாள். நீங்கள் எழுந்து போனீர்கள். அவளுக்காகச் செய்தீர்களா? நான் பேர் வாங்குவது பொறுக்கவில்லையா? நான் போனால் வம்பளக்க ஆளில்லை என்றா? வருசக்கணக்காகக் கேட்டேன். ஒவ்வொரு தரமும் உங்களுக்கு மாடு கத்தியது, இல்லை வாய்க்கால் உடைந்தது.

கடைசியாகப் போன ஐப்பசியில், மம்பட்டியைத் தோளில் வைத்து வரப்பில் வந்தீர்கள். வழியை மறித்தேன்.

“இன்னைக்காச்சும் நெசத்தச் சொல்லுங்க மச்சான்.”

“சத்தமாப் பேசு மாப்ளே, காது கேக்கல.”

காது கேட்கவில்லையாம்! மூன்று தோப்பு தள்ளித் தேங்காய் விழுந்தால் யார் மரம் என்று சொல்கிற காது. நானும் விடவில்லை. நெஞ்சு வலிக்கக் கத்தினேன்.

“வேணும்னே பண்ணியிருந்தாலும் பரவால்லீங்க மச்சான்! நான் இங்கயே இருந்ததுல எனக்கு ஒரு கொறையும்...”

அதற்குள் என்னைச் சுற்றிக்கொண்டு சேற்றில் இறங்கி, அந்தப் பக்கம் ஏறிப் போய்க்கொண்டிருந்தீர்கள்.