வட்டத்துக்கு வெளியே வளர்ந்தவை

மச்சான்,

பின்வீட்டில் கடற்பாசி காய்ச்சுகிறார்கள். நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சீனியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து இறுகவைத்து, சில துண்டுகள் வேலிக்கு மேலால் எங்கள் வீட்டுக்கும் வரும். தம்பி கோப்பையையே நக்கிவிடுவான். நானோ அந்த ஆவி மூக்கில் ஏறியதும் எழுந்துபோய் யன்னலைச் சாத்திவிடுகிறேன். ஏனென்று உனக்கு மட்டும்தான் தெரியும், அதனால் உனக்கே எழுதுகிறேன். பதில் போடாதே. போட்டாயென்றால் நான் பயத்திலேயே செத்தேன்.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பற்றீரியாக் கிருமி வளர்க்கிற பொருள் முடிந்து, கொழும்பிலிருந்து வரும், வரும் என்று விலங்கியல் சேர் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. "அதுவும் கடற்பாசியிலதான் செய்யிறது" என்று அவர் சும்மா சொன்னதை நீ கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். குடாவுக்கு அப்பால் மூதூரிலிருந்து வந்து, கிழமை நாட்களில் உன் மாமி வீட்டில் தங்கிப் படித்தவன் நீ. அந்த வீட்டுக் குசினியில்தான் காய்ச்சினோம். மாட்டிறைச்சி வேகவைத்த ஆணத்தை வடித்து அதற்குள் ஊற்றினாய். எங்கள் குசினிக்குள் அது வந்திருந்தால் அம்மா வெளியே போயிருப்பா.

மாமி எட்டிப் பார்த்தா. "என்னடா புள்ளைகளே, கடற்பாசிக்குள்ள ஆணமா? இதை ஆரு தின்னுற?"

"இதுக்கு விருந்தாளி வேற, மாமி."

விருந்தாளிகளை நாங்களே கூட்டிவந்தோம். என் நாக்கில் இருந்து கொஞ்சம், உன் கால் நகத்து அழுக்கில் கொஞ்சம், பிரதி அதிபர் உட்காரும் கதிரையில் பஞ்சால் ஒற்றியது கொஞ்சம். கண்ணாடிச் சாசர்களில் பூசி மூடி, எங்கள் வீட்டுக்குப் பக்கத்து பேக்கரியின் போறணை அடுப்புச் சுவரோடு சேர்த்து வைத்தோம். பாண் வேகிற சூட்டில் அவையும் வெந்துவிடும் என்று நான் நினைத்தேன். அடுத்த நாள் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள். அதற்கடுத்த நாள் புள்ளிகள் ஒட்டிப் பாயாகிவிட்டன. பிரதி அதிபரின் கதிரைதான் நல்ல விளைச்சல். "பற்றீரியா எண்டு பேர் வைச்சதே, பற்றினா விடாது எண்டுதான் மச்சான்" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் சாசர் கைநழுவப் பார்த்தது.

பிறகு உனக்கொரு யோசனை வந்தது. மாமியின் அலுமாரிக்குள் கிடந்த பென்சிலின் கப்சூல் ஒன்றைப் பிரித்து, புதிதாக அழுக்குப் பூசிய சாசர் ஒன்றின் நடுவில் ஒரு சிட்டிகை தூவினாய். விடிந்து பார்த்தபோது சாசர் முழுக்க வெள்ளை, நடுவில் மட்டும் சுத்தமான வட்டம். ஒரு புள்ளிகூட இல்லை. அதை வகுப்பில் சேரிடம் கொண்டுபோனோம். திட்டுவார் என்று பார்த்தால், கதிரையில் இருத்திக் கதை சொன்னார்.

பற்றீரியாவுக்கு உடம்பைச் சுற்றி இறுக்கமான சுவர். வளரவேண்டுமென்றால் அந்தச் சுவரை அங்கங்கே வெட்டி, இடைவெளியில் புதுத் துண்டு வைத்துக் கட்டவேண்டும். வெட்டுவதும் புரதம், கட்டுவதும் புரதம். போதிய அளவு வளர்ந்ததும் வேறு சில புரதங்கள் நடுவில் குறுக்குச் சுவர் எழுப்பும், ஒன்று இரண்டாகும். பென்சிலின் போய்க் கட்டுகிற புரதங்களைப் பிடித்துக்கொள்ளும். வெட்டுகிறவை நிற்காது. சுவர் பலமிழந்து, பற்றீரியாவே வெடித்துப்போகும்.

"அப்ப வெட்டுறவன் வெட்டுறான், கட்டுறவனுக்குக் கையைக் கட்டியாச்சு," என்றாய் நீ.

சேருக்கு அது பிடித்துப்போனது. "ஓம். ஆனா ஒண்டு. வளராமச் சும்மா கிடக்கிறதை மருந்து ஒண்டும் செய்யாது."

"அப்ப நாங்க தப்பிட்டம் சேர்," என்றேன் நான். வகுப்பே சிரித்தது. அந்த வரியை இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

மாரி தொடங்கிய மாதம், மூதூர் இறங்குதுறையில் லோஞ்சுப் படகிலிருந்து தண்ணீருக்குள் குதித்தபோது உன் குதிக்காலில் சிப்பி வெட்டியது. ஊரில் வாய் திறக்கவில்லை. உம்மா பார்த்தால் படிப்பை நிறுத்தி வீட்டில் இருத்திவிடுவா என்ற பயம் உனக்கு. இங்கே வந்து ஆஸ்பத்திரியில் காட்டி, விழுங்கச் சொல்லிக் கொடுத்த கப்சூல்களோடு திரும்பினாய். நீ விழுங்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் புண்ணில் தூவினாய்.

"புண் காலில, மருந்து வயித்துக்கா? சாசர்ல நாமளே பார்த்தந்தானேடா."

எனக்கும் அது சரியென்றே பட்டது. வெள்ளைத் தூள் அப்பிய காலைப் பார்த்து, "இது என்னடா, மாப்பிள்ளைக்குப் பவுடர் போட்ட மாதிரி? காலுக்குக் கல்யாணம், கால்யாணம்!" என்றேன். நீ நொண்டி நொண்டி மாப்பிள்ளை நடை நடந்து காட்டினாய். புண்ணின் வாயும் அழகாக மூடிக்கொண்டது. வென்றுவிட்டோம் என்றே நினைத்தோம்.

மூடிய தோலுக்குக் கீழே அவை வெட்டி, கட்டி, பிரிந்துகொண்டே இருந்தன. கணுக்கால் வீங்கியது, பிறகு முழங்கால்வரை சிவப்புக் கோடொன்று ஏறியது. வகுப்பில் நீ குளிரில் நடுங்கியதைப் பார்த்து, சேரே உன்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். இரத்தத்திலும் கலந்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். இப்போது ஊசியால் மருந்து ஏறியது, ஆனால் பிந்திப்போனது. கொட்டியாரக் குடாவில் அலை. லோஞ்ச் ஓடவில்லை. வெள்ளத்தில் தரைப்பாதையும் இல்லை. உன் உம்மாவால் வர ஏலாது.

பின்னேரம், நோயாளரைப் பார்க்கிற நேரம். உன் கட்டிலருகில் நின்றேன். உன் கை போறணைச் சுவர்போலக் கொதித்தது. நீ கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்: "மச்சான், அந்தச் சாசர்ல வட்டத்துக்கு வெளியால பார்த்தியா?"

நான் பார்த்திருக்கவில்லை. நாங்கள் இரண்டுபேரும் நடுவில் இருந்த வெறும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதன் விளிம்புக்கு அப்பால், மருந்து எட்டாத இடத்தில், வெள்ளை தடித்துக் கிடந்தது.

"இப்ப எத்தினையாயிருக்கும்?" என்றாய். "ஒண்டு ரெண்டு, ரெண்டு நாலு..."

"நான் கணக்கில மக்கு எண்டு தெரியுந்தானே," என்றேன். உலகத்திலேயே மோசமான பகிடி. நீ சிரிக்கவில்லை. என் சேர்ட்டைப் பிடித்தாய்.

"பயமா இரிக்குடா. உம்மாவக் கூப்பிடு."

எனக்கும் பயம். அதைச் சொல்லாமல் உன் போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்தேன். மணி அடித்து வெளியே அனுப்பினார்கள். விடிவதற்குள் நீ போய்விட்டாய்.

கடல் அடங்கிய பிறகு முதல் லோஞ்சில் உன் உம்மா வந்தா. ஆஸ்பத்திரி விறாந்தையில், சுற்றி நின்ற பெண்களை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தா.

"எல்லாரும் நிம்மதியாப் போனான் எண்டுறாங்க. நீ சொல்லு மகன். புள்ள பயந்தானா?"

சுற்றி நின்ற எல்லோர் கண்களும் 'இல்லை' என்று சொல்லச் சொல்லின. பொய் சொல்வதில் என்னை மிஞ்ச இந்தத் திருகோணமலையில் ஆள் இல்லை.

"ஓம் உம்மா. பயந்தவன். உங்களைத்தான் கூப்பிடச் சொன்னவன்."

முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டா. அதற்குள்ளிருந்து குரல் வந்தது. "பயந்தா என்னைத்தான் தேடுவான். சின்னன்லயும் அப்படித்தான்." என் கையை விடவில்லை. உன் ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கும்வரை விடவில்லை.

போன கிழமை தம்பி துருப்பிடித்த ஆணியை மிதித்துவிட்டு, ஒன்றுமில்லை என்று பந்து விளையாடப் போனான். அப்பாவிடம், "எனக்குப் பயமாக் கிடக்கு" என்றேன். வழமையான விளையாட்டோ என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சைக்கிளை எடுத்தார். ஆஸ்பத்திரியில் ஊசியும் போட்டு, கப்சூலும் கொடுத்தார்கள். ஒவ்வொரு வேளையும் அவன் முன்னால் தண்ணீரோடு நிற்கிறேன். விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியிலும் பார்க்கிறேன்.

"அண்ணா, உனக்கென்ன விசர் பிடிச்சிட்டுதா?" என்கிறான்.

"ஓம்," என்கிறேன். "ஆவெண்டு காட்டு."