மேடத்திடம் நீ சொன்னது

அஷ்வத்,

சாதம் குக்கரில், ரசம் அடுப்பில். சிலிண்டர் வரும். அதற்குள் நீ கிளம்பினால் பக்கத்து வீட்டு வங்காளி அக்காவிடம் சாவியைக் கொடு.

நேற்று நான் பேசாமல் இருந்தது வயிற்றுவலியால் இல்லை. "பீரியட்ஸ் வந்தா சாதனாவால நிக்கவே முடியாது மேடம்" என்று நீ சொன்னதை நம் சர்ஜரி யூனிட் தலைவர் மேடமே என்னிடம் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். நான் முதன்முதலாகத் தனியே செய்ய வேண்டிய பித்தப்பை ஆபரேஷனை உனக்கு மாற்றிவிட்டார்களாம். நீயும் வாங்கிக்கொண்டாய்.

ஆபரேஷன் தியேட்டரில் வலி மாத்திரையை விழுங்கிவிட்டு அசையாமல் நின்றிருக்கிறேன். சுருண்டு படுத்து அழுதது வீட்டில், உன் ஒருவன் முன்னால் மட்டும். அதைத்தான் அங்கே கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறாய்.

மேடத்தை ரவுண்ட்ஸுக்கு முன்பே பார்த்து ஆபரேஷனைத் திருப்பிக் கேட்கப் போகிறேன். அதனால்தான் காளிகாட்டில் முதல் மெட்ரோவைப் பிடிக்கிறேன்.

சாதனா

பி.கு.: "உன் நல்லதுக்குத்தான்" என்று போன் செய்யாதே. நல்லது செய்வதானால், அந்த ஆபரேஷன் வேண்டாமென்று நீயே மேடத்திடம் சொல்.

இன்னொன்று. வெந்நீர்ப் பையைத் தேடாதே. ட்யூட்டி ரூமுக்கு எடுத்துப்போகிறேன். எல்லாருக்கும் தெரிந்தாயிற்று, இனி அங்கேயே வைத்துக்கொள்கிறேன். நீ நிரப்பித் தர வேண்டாம்.