வெற்றிலை வாங்கிய பிறகு தெரிந்த கறை

தெரணியகலை,
வெள்ளி இரவு.

அன்புள்ள மகன் பிரதாப்புக்கு, அம்மா ஜெயம்மா சொல்லச் சொல்ல தங்கச்சி கேஷானி எழுதுவது. மாரியம்மா காவலில் இங்கே எல்லோரும் நல்லபடி இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நல்லபடி இருக்க அவளையே கேட்டுக்கொள்கிறோம். என் கையெழுத்து இல்லையே என்று பயந்துவிடாதே. புதன்கிழமை மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவி கலைந்து கொட்டியதில் வலது கை வீங்கியிருக்கிறது, வேறொன்றும் இல்லை, டிஸ்பென்சரியில் ஊசி போட்டு மாத்திரை தந்தார்கள், வீக்கம் வடிந்து வருகிறது. றம்ஸீன் விடியற்காலை கொழும்புக்கு மரக்கறி லொறி கொண்டு போகிறான், அவனிடம் ஈரப்பலாக்காயும் வறுத்து இடித்த மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறேன், தூள் போத்தலின் மூடியை இறுக்கி வை, போன தடவை மாதிரி காற்றுப் பட விட்டுவிடாதே. நீ வீட்டோடு வந்து இருந்து ஒபிஸ் வேலை செய்ய அப்பா ரப்பர் பலகையில் மேசை அடித்துவிட்டார். கிழக்குப் பார்த்து உட்கார்ந்தால்தான் தொழில் விளங்கும் என்று முன்வாசலுக்கு எதிர்ச் சுவரோடு போட்டிருக்கிறார். மொனிட்டரும் பார்த்தாயிற்று, பசாரில் நாகலிங்கம் மாமா கடையில், நல்ல பெரிசு, ஞாயிற்றுக்கிழமை அப்பா போய் எடுத்து வருவார். அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

அண்ணா, இதற்கு மேல் எழுதுவது அம்மா சொன்னது இல்லை, கேஷானி நான்தான் எழுதுகிறேன். மேலே உள்ளதை அம்மா சொல்லும்போது அப்பா வாசலில் உட்கார்ந்து ரப்பர் பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார், அதனால் ஒன்றையும் மாற்றாமல் எழுதினேன். இப்போது அம்மா மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டார். அப்பா மேசைப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருக்கிறார், நான் அவருக்குப் பின்னால் வாசல் மூலையில் டோர்ச்சைத் துண்டால் சுற்றி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்ல முடியாது, போன் அவர் தலையணைக்குக் கீழே இருக்கிறது, நீங்கள் பேசும்போதெல்லாம் சத்தமாகப் போட்டுத்தான் பேசுகிறோம். விடிந்தால் றம்ஸீன் அண்ணன் போய்விடுவார், ஞாயிற்றுக்கிழமை மொனிட்டர் பெட்டி வீட்டுக்கு வந்துவிடும், அதனால் எப்படியும் இன்றைக்கே எழுதி முடிக்க வேண்டும். துண்டுக்குள் வெளிச்சம் மங்கலாக இருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும், கோபிக்காதீர்கள்.

அண்ணா, அந்த மொனிட்டர் நல்லது இல்லை. போன சனிக்கிழமை கம்பியூட்டர் கிளாஸ் முடிந்ததும் அப்பா என்னையும் மாமா கடைக்குக் கூட்டிப் போனார். மாமா எங்களை உட்கார வைத்து டீ வரவழைத்து, சுவர் மாதிரி ஒன்றை எடுத்து வைத்து கிரிக்கெட் போட்டுக் காட்டினார். முப்பத்திரண்டு அங்குலம், கண்ணாடி போல மினுக்கு, பச்சைப் புல் வெளியே வந்து விழுகிற மாதிரி இருந்தது. எனக்கே முதலில் ஆசையாகத்தான் இருந்தது. அப்பா சிரித்துக்கொண்டே, நம்ம லயத்து சனமே வந்து பாக்கலாம் போலயே மச்சான் என்றார். மாமா உடனே, ஒங்க மகனுக்குன்னு சொன்னதுனாலதான் எடுத்து வச்சேன், இல்லாட்டி நேத்தே போயிருக்கும் என்று சொல்லி, கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த தட்டை எடுத்து வெற்றிலை பாக்கை நீட்டினார். அப்பா இரண்டு கையாலும் வாங்கிவிட்டார். மாடு வாங்கினாலும் பெண் பேசினாலும் வெற்றிலை வாங்கினால் பேச்சு முடிந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு மொனிட்டருக்கு யாராவது வெற்றிலை வாங்குவார்களா அண்ணா? அப்பா வாங்கிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அகலம் மட்டும் பார்க்காதே, வெள்ளைப் பக்கம் ஒன்றைப் போட்டுப் பார், ஒரு பக்கமாக நின்று பார் என்று சொன்னீர்களே. மாமா, வெள்ளையா ஒரு பக்கம் போட்டுக் காட்டுங்க என்று கேட்டேன். மாமா சிரித்து, வெள்ளையா? படம் பாக்க வந்தியா செவுத்த பாக்க வந்தியா, ஆத்தா என்றார், கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஆனாலும் போட்டார். வலது பக்கம் கீழ் மூலையில் தேயிலைச் சாயத்தண்ணீர் சிந்திக் காய்ந்த மாதிரி ஒரு கறை, உள்ளே, துடைத்தால் போகாத கறை. ஒரு பக்கமாகப் போய் நின்றால் வெள்ளை மஞ்சளாக மாறியது. எழுத்தெல்லாம் பருமனாக, ஓரம் பிசிறிப் போய் இருந்தது, அதில் நீங்கள் எப்படி வீட்டு பிளானின் மெல்லிய கோடுகளைப் பார்த்து வரைவீர்கள்? பின்னால் திருப்பிப் பார்த்தேன், வாரண்டி ஒட்டும் இடம் சுரண்டியிருந்தது. ஏதோ கடையில் விளம்பரத்துக்கு ஓட வைத்ததாக இருக்கும். அப்பா, இங்க பாருங்க கறை என்று சொன்னேன். அப்பா பார்க்கவில்லை, தெருப் பக்கம் திரும்பிக்கொண்டு, பெரியவங்க பேசி முடிச்ச பெறகு பொட்டப்புள்ளைக்கு என்ன குறுக்குப் பேச்சு என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். பஸ்ஸில் தனி இருக்கையில் போய் உட்கார்ந்தார். இறங்கி எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறும்போது நின்று, அண்ணன்கிட்ட ஏதாச்சும் ஒளறுன, அதோட கம்பியூட்டர் கிளாசுக்கு முழுக்கு என்றார். அப்பா சும்மா மிரட்டுகிறவர் இல்லை என்று உங்களுக்கும் தெரியும். அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சுவரில் இருந்த முருகன் படத்தைக் கழற்றி மேசை மேல் மொனிட்டர் வைக்கிற இடத்தில் நிறுத்தி, நீங்கள் உட்காரப் போகிற இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பின்னேர வெயில் வாசல் வழியாக நேரே கண்ணாடியில் விழுகிறது. முருகன் முகம் தெரியவில்லை, வாசலும் கொடியில் காய்கிற துணியும் என் தலையும்தான் தெரிந்தது. மினுக்குத் திரை வைத்தால் நீங்கள் நாள் முழுக்க உங்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மேசையும் இரண்டடி அகலம்தான், முப்பத்திரண்டை அதில் வைத்தால் முகத்தில் முட்டும், இருபத்தேழு போதும். வெளிச்சம் பட்டாலும் மினுங்காத, சொரசொரப்பான திரையாக இருக்க வேண்டும், பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாத பேனலாக, ஏற்றி இறக்குகிற கால் உள்ளதாக இருக்க வேண்டும். அம்மா எழுந்து வந்து, மேசையில் சாமி இருந்தா நல்லதுதானே, அப்படியே இருக்கட்டும் என்றதால் படத்தைத் திரும்ப மாட்டவில்லை.

உங்கள் ஒபிசில் வீட்டில் இருந்து வேலை செய்வதை ஒரு மாதம்தான் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள், வேலையில் பிழை வந்தால் திரும்பக் கொழும்புக்கே வரச் சொல்வார்கள், அப்படி என்றால் கட்டாருக்கு வேலைக்குப் போகக் கையெழுத்து வைப்பேன் என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. ஒரு கறையால் நீங்கள் கட்டாருக்குப் போய்விடுவீர்களோ என்று ஆறு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் அப்பாவுக்குப் போன் பண்ணி எப்படியாவது வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆனால் கறை என்ற சொல்லை மட்டும் சொல்லாதீர்கள், அதைப் பார்த்தது நான் ஒருத்திதான், சொன்னால் நான்தான் என்று

அண்ணா, பாதியில் நிறுத்திவிட்டேன். அப்பா விழித்துவிட்டார். விழித்தது இல்லை, தூங்கவே இல்லையாம். முதுகைக் காட்டியபடியே, முருகன் நெத்தியில லைட்டு எரியுது, யாருக்கு எழுதுற என்று கேட்டார். மேசையில் இருந்த படத்தின் கண்ணாடியில் என் டோர்ச் வெளிச்சம் அவருக்கு நேரே தெரிந்திருக்கிறது. பின்னேரம் நான் பார்த்ததையே மறந்துபோய் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். கடிதத்தைச் சட்டைக்குள் வைக்கப் பார்த்தேன். அவர் எழுந்து உட்கார்ந்து, அண்ணனுக்கா என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மேசையில் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு, அந்தக் கறைய எழுதிட்டியா என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன் அண்ணா. அம்மா எழும்பிடுவா, சத்தம் போடாத என்றவர், மெதுவாகச் சொன்னார், எனக்கும்தான் தெரிஞ்சிச்சு, நான் என்ன குருடனா, வெத்தலய வாங்குன கையோட நின்னேன், அந்தக் கையால எப்படி வேணாங்கிறது, நாளைக்கு ஒன் கல்யாணத்துக்கு அவன் வந்து முன்னுக்கு நிக்க வேணாமா.

அப்பாவே யோசித்து, பொண்ணு பேசி வெத்தல மாத்துன பெறகும் மாப்பிள்ள வந்து பாத்துட்டு பிடிக்கலன்னா பெரியவங்க வாக்கு ஒடஞ்சதா ஆகாது, இதுல மாப்பிள்ள ஒங்கண்ணன்தானே என்றார். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. அதனால் அப்பா சொன்னபடி எழுதுகிறேன். நாளைக்குப் பின்னேரம் நீங்கள் அப்பாவுக்குப் போன் எடுங்கள், வேலைக்கு ஏற்றதை நானே பார்த்து எடுத்து வருகிறேன், மாமாவுக்கு மரியாதைக்கு வெற்றிலையும் நானே கொண்டு வந்து கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள். அப்பா அதைச் சத்தமாகப் போட்டு மாமாவுக்கும் கேட்க வைப்பாராம், அதற்காகவே நாளைக்கு வேலை முடிந்து கடைக்குப் போகிறாராம். அப்பா கொஞ்சம் உங்களை ஏசுவார், அது மாமாவுக்காக, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். கிளாஸைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஆனால் படுக்கும்போது, நாளைக்கு கிளாஸ் முடிஞ்சி பஸ் ஸ்டாண்டுல நில்லு, கடைக்குள்ள வராத என்றார்.

கொழும்பில் வாங்கும்போது வெள்ளைப் பக்கம் போட்டுப் பார்க்க மறக்காதீர்கள், யார் சிரித்தாலும். பில்லையும் வாரண்டி அட்டையையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். வெற்றிலைக் கட்டை மட்டும் அங்கே வாங்க வேண்டாம், இங்கே பசாரில் வாங்கினால் வாடாமல் இருக்கும். கடைசியில் எழுதச் சொல்லி அம்மா முன்னமே சொன்னது இது, பிள்ளை நோய் நொடி இல்லாமல், கண் கெடாமல், சொந்த வீட்டுச் சோறு சாப்பிட்டு நூறு வயது இருக்க வேண்டும். லைட்ட அணைக்காத, இருட்டுல எழுதி எழுத்து கோணிப்போகும் என்று அப்பா சொன்னதால் துண்டை எடுத்துவிட்டேன். பெயர் போடப் போனபோது அவர் கண்ணை மூடிக்கொண்டே, என் பேரையும் போடு என்றார்.

இப்படிக்கு உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா ஜெயம்மா,
அப்பா கன்னையா.

எழுதியது கேஷானி.