மக்காத மண்

உன்னைத் தனியாக அனுப்பித்தான் கொன்றார்கள். விபத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்று காரிமங்கலம் நாற்றுப் பண்ணையில் ஈரமான தென்னைநார்த் தூளைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மூட்டையில் ‘பீட்’ என்று அச்சடித்திருந்தது. நீ இருந்திருந்தால் கடைக்காரரை விட்டுவிட்டு என்னைப் பிடித்துத் திட்டியிருப்பாய்: “தேங்கா நாரு பீட் ஆயிடுமாடி?” அந்த ஈர வாசனை தாங்காமல், நாற்று வாங்காமலே திரும்பிவிட்டேன்.

நீலகிரியின் சதுப்பு மண்ணை, அந்த நிஜமான ‘பீட்’டை, ஆராயச் சேர்ந்திருக்கிறாய் என்றதும் பாப்பாரப்பட்டி சந்தையில் உன் அம்மாவைக் கேலி செய்தார்கள். “இங்க குடிக்கவே தண்ணியக் காணோம், உம் பொண்ணு சேத்தப் படிக்கப் போயிட்டாளா?” முதல் விடுமுறையில் நீ ஒரு குழாய் நிறையக் கறுப்பு மண் கொண்டுவந்தாய். அம்மா அதை மிளகாய்ப் பாத்தியில் கொட்டிவிட்டார்.

“ஐயோ, அது ஆயிரக்கணக்கான வருசத்து மண்ணும்மா!”

“பழசானாத்தான்டி மக்கி நல்ல எருவாவும்.”

“அது மக்கவே இல்லம்மா. அதான் அதுல விசேசமே.”

“மக்காத மண்ணுக்கு மக்கு மாதிரி அழுவுது பாரு.”

அழுகையோடு சிரித்தாய். பிறகு பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து எங்களுக்கு விளக்கினாய். நீர் தேங்கிய பள்ளத்தில் செத்த புல் காற்றுப் படாமல் அடுக்கடுக்காகப் படியுமாம். முழுதாக மக்காமல் தன் கரியை, அதாவது கார்பனை, மண்ணுக்குள்ளேயே வைத்திருக்குமாம். வடிகால் வெட்டிக் காய விட்டால் அத்தனையும் வானத்துக்குப் போய்விடுமாம். “உள்ள காத்தே கெடையாது, அதனாலதான்” என்றாய். அந்தச் சொல்லை இப்போது என்னால் நினைக்க முடியவில்லை.

சதுப்பில் ஒருவர் இறங்கினால் இன்னொருவர் கரையில் கயிறு பிடிக்க வேண்டும். உனக்குக் கயிறு பிடித்த ஆளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். உன் பேராசிரியரிடம் வேறு ஆள் கேட்டாய். அன்று போனில் உன் குரல் நடுங்கியது. “‘காட்டு வேலை செஞ்ச குடும்பம்தானே, உனக்கு மண்ணு புதுசா? நீயே போ’ங்கறாருடி.”

மண் நமக்குப் புதிதில்லை. ஆனால் கால் வைத்தால் தாங்காத மண்ணைத் தருமபுரியில் யார் பார்த்தது? பச்சையாகப் புல் தெரிந்தால் அடியில் தரை இருக்கும் என்று நம்புகிற கால்கள் நம்முடையவை. உன் கால்களும் நம்பித்தான் அந்தச் சேற்றில் புதைந்திருக்கும். தன் வீட்டுப் பெண்ணை அந்த ஆள் இப்படி அனுப்பியிருப்பாரா?

இப்போது விசாரணை அறிக்கையில், விதியை மீறி நீயாகவே போனதாக எழுதியிருக்கிறார்கள். செத்தும் உன் மேல்தான் பழி. ஊரில் உன் படிப்பைக் கேலி செய்த அதே வாய்கள், “சொல் பேச்சுக் கேக்காத புள்ள” என்கின்றன. உன் அம்மா கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். உன் நடுங்கிய குரலைச் சுமந்துகொண்டுதான் நான் வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன்.

போன வாரம் உன் அம்மாவும் நானும் அந்தப் பேராசிரியருடைய அறைக்குப் போனோம்.

“அனுப்புனது நீங்கன்னு எழுதுங்க சார்” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. “உங்களுக்கு பஸ் எத்தனை மணிக்கும்மா?” என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா நாற்காலியை இன்னும் கொஞ்சம் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எழுதுங்க சார். நாங்க இருக்கோம்.”