இரண்டு பேருக்கான அரிசி

என் ஒரே தங்கச்சி வசந்திக்கு,

அமெரிக்காவில், எடிசன் நகரில் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதுகிறேன். உன் முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. நான் வரவில்லை. முழங்கால் வலி என்று எல்லோருக்கும் சொன்னேன். உனக்கு என்ன சொல்வது?

போருக்குப் பிறகு வன்னி எவ்வளவு தேறியிருக்கிறது என்று அளந்த குழுவில் நான் இருந்தேன். ஒரு வீட்டில் வாரத்துக்கு எவ்வளவு அரிசி சமைக்கிறார்கள் என்று கேட்டு, அதை வீட்டிலிருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுப்போம். தலைக்கு அரிசி கூடினால் வாழ்க்கை தேறுகிறது என்று பொருள். படிவங்களைச் சரிபார்ப்பது என் வேலை.

உன் படிவத்தில் 'இருவர்' என்றிருந்தது. போரில் காணாமல்போன மகன் குமரனையும் சேர்த்துச் சொல்லியிருந்தாய். ஆறு மாதத்துக்கு மேல் வீட்டில் இல்லாதவரைச் சேர்க்கக்கூடாது. இரண்டை வெட்டி ஒன்று என்று எழுதினேன். உன்னைப் போன்ற மற்றத் தாய்மாரின் படிவங்களிலும் அப்படியே செய்தேன்.

"அண்ணா, நீங்களே வெட்டினீங்களோ?" என்று ஃபோனில் கேட்டாய்.

"ரூல்ஸ் அப்பிடி, பிள்ளை."

"சரி. அவன் வந்தா அவனிட்டையும் இதைச் சொல்லுங்கோ."

போன வாரம் உன் பக்கத்து வீட்டு நிலா பேசினாள். "மாமி எப்பவும் ரெண்டு பேருக்குத்தான் உலை வைப்பா, மாமா. அவன் பசியோட வந்தா என்ன செய்யிறது எண்டுவா. பொழுதுபட மிச்சத்தை எங்களுக்குத் தருவா. நானும் தங்கச்சியும் குமரன் அண்ணான்ரை பங்கிலைதான் வளர்ந்தனாங்கள்."

அவள் சிரித்தாள். நான் பழைய கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பேருக்கான அரிசியை ஒன்றால் வகுத்திருக்கிறேன். தனித்து வாழும் தாய்மார் விரைவாகத் தேறுகிறார்கள் என்று அறிக்கையில் எழுதியவனும் நானே. நீ அவனுக்காகக் காத்திருந்தது என் அட்டவணையில் முன்னேற்றமாக ஏறிவிட்டது. அப்போது எனக்குச் சந்தேகம் வரவில்லையா? வந்தும் கேட்கப் பயந்தேனா?

அந்த அறிக்கையை மறுபடி அச்சிடுகிறார்களாம். என்னிடம் முன்னுரை கேட்கிறார்கள். "ஒரு பக்கம்தானே அப்பா, டைப் பண்ணி அனுப்புங்கோவன்" என்கிறாள் மகள்.

அனுப்புவேன் வசந்தி. அந்த முடிவு பிழை, பிழை என்னுடையது என்று எழுதுவேன். அச்சிடமாட்டார்கள் என்றால் என் பெயரை எடுத்துவிடச் சொல்வேன். இந்த வயதில் அவ்வளவு துணிவாவது வர வேண்டாமா?

முதல் வரியை எழுதிவிட்டேன்: 'என் தங்கையின் வீட்டில் இருவர் இருந்தார்கள்.' அதை யாரும் வெட்ட விடமாட்டேன்.

உன் படிவத்தை வெட்டிய
அண்ணன்