அன்று என் மகள் கண்ணை மூடினாள்

டீச்சர்,

எங்கள் பக்கத்து வளவில் புதிதாக ஒரு மரத் தளபாடக் கடை திறந்திருக்கிறார்கள். காலையில் குசினி யன்னலைத் திறந்தால் வார்னிஷ் வாசம் உள்ளே வந்து நிற்கிறது. பழகிப் போகும் என்றிருந்தேன். போன கிழமை கல்முனை பஸ் நிலையத்துச் சுவரில் உங்கள் படம் போட்ட மரண அறிவித்தலைக் கண்டேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டிவிட்டு நின்றபோதுதான் அது எந்த வாசம் என்று பிடிபட்டது. என் மகள் ஸபீனாவுக்கு நீங்கள் செய்வித்த கதிரையிலும் இதே வாசம்தான் இருந்தது.

கதிரை வந்த நாளில் வார்னிஷ் முழுதாகக் காயவில்லை. நாளைக்கு இருத்துவோம் என்றேன் நான். "இத்தன வருஷமாப் படுத்தே கிடந்தவ, இன்னும் ஒரு நாள் என்னத்துக்குகா காத்திருக்கணும்?" என்றபடி ஒரு பழஞ்சீலையை விரித்து, அவளைத் தூக்கி இருத்தினீர்கள். தலை சாயாமல் இரண்டு பக்கமும் மெத்தை வைத்த பலகை, இடுப்புக்கு வார், முன்னால் ஒரு தட்டு. அதுவரை முகட்டையும், குனிந்து பார்ப்பவர்களின் முகங்களையும் மட்டுமே கண்டிருந்த பிள்ளை, முதல்முறையாக நேராக இருந்து வாசலைப் பார்த்தாள். ஒரு கோழி குஞ்சுகளோடு முற்றத்தைக் கடந்து போனது. அதைப் பார்த்து அவள் சத்தமிட்டுச் சிரித்தாள். எங்கள் வளவில் அப்படியொரு சத்தம் அதற்கு முன் கேட்டதேயில்லை.

இவற்றை நினைத்தால் எனக்கு வர வேண்டியது நன்றி. வருவது வேறொன்று. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்களை முதலில் கண்டது ஆசுபத்திரி விறாந்தையில். ஸபீனாவின் கைகால்கள் பிறந்ததிலிருந்தே இறுகித்தான் இருந்தன. கழுத்து நிற்காது, பேச்சும் இல்லை. இனிக் கொண்டுவந்து பயனில்லை என்று டொக்டர் சொல்லியிருந்தார். "அல்லாஹ்ட நாட்டம், வீட்டுல வெச்சிப் பாரு" என்று குடும்பத்தார் சொல்லியிருந்தார்கள். நான் அவளைத் தோளில் சாய்த்தபடி வாங்குப் பலகையில் இருந்தேன். வெள்ளைச் சேலையில் நீங்கள் உங்கள் மகளைக் கைபிடித்துக்கொண்டு வந்தீர்கள். ஜெசிக்குக் காது கேட்காது என்பதும், அவளோடு கதைப்பதற்காகவே நீங்கள் கொழும்புப் பக்கம் போய்க் கைமொழி படித்து வந்தவர் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிள்ளைக்கு என்ன வருத்தம் என்று எல்லாரும் என்னிடம்தான் கேட்பார்கள். நீங்கள் என்னைப் பார்க்கவேயில்லை. ஸபீனாவின் முகத்துக்கு நேரே குந்திக்கொண்டு அவளிடமே கேட்டீர்கள்.

"மகள், தண்ணி வேணுமா? ஓம் எண்டா மேல பாருங்க. வேணாமெண்டா கண்ண மூடுங்க."

அவள் மேலே பார்த்தாள். தற்செயல் என்று நினைத்தேன். நீங்கள் தண்ணீர் பருக்கிவிட்டு, இன்னும் வேண்டுமா என்று கேட்டீர்கள். கண்ணை மூடினாள்.

"அவவுக்கு எல்லாம் விளங்குது புள்ள" என்றீர்கள் என்னிடம்.

அத்தனை ஆட்களுக்கு முன்னால் நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். என் மகளுக்கு விளங்கும் என்று எனக்கு எப்போதும் தெரியும். ஆனால் அதை இன்னொருவர் வாயால் நான் கேட்டது அன்றுதான்.

அதற்குப் பிறகு நாம் இருவரும் அலைந்த அலைச்சல் உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். பள்ளிக்கூடத்து அதிபரிடம் போனோம். "மத்தப் பிள்ளைகள்ட தாய் தகப்பன் ஒத்துக்க மாட்டாங்க" என்று நாற்காலியை விட்டு எழும்பாமலே சொன்னார். கல்விக் கந்தோரில் அடுத்த கிழமை வரச் சொன்னார்கள். அடுத்த கிழமையும் அதையே சொன்னார்கள். திரும்பி வரும் வழியில், "ஹபீபா, நம்மட பிள்ளைகளுக்கு நாமதான் பள்ளிக்கூடம்" என்றீர்கள். என் வாப்பா நெல் மூட்டை அடுக்கி வைத்த அறை வளவில் சும்மா கிடந்தது. கூட்டி, சுண்ணாம்படித்து, பாய் விரித்தோம்.

அந்தக் கலவர வருடங்களில் உங்கள் தமிழ்த் தெருவிலிருந்து எங்கள் முஸ்லிம் தெருவுக்கு வருவது சும்மா காரியமில்லை. ஒரு பக்கம் ஏதும் நடந்தால் மறுபக்கம் கடைகள் பூட்டிவிடும், பாதையில் ஒரு குருவி இராது. அடுத்த நாள் உங்கள் சைக்கிள் மணி என் படலை வாசலில் கேட்கும். "அங்க என்ன வேல உனக்கு எண்டு எங்கட ஆக்கள் கேக்காங்க" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். பாண்டிருப்பிலிருந்தும் மாவடிப்பள்ளியிலிருந்தும் தாய்மார் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு வந்தார்கள். இறுகிய விரலை வலிக்காமல் விரிப்பது எப்படி, விழுங்கத் தெரியாத பிள்ளைக்குக் கரண்டியை நாக்கின் எந்தப் பக்கம் வைப்பது என்று ஒருவர் கண்டுபிடித்ததை மற்றவருக்குக் காட்டினோம். இந்தப் பிள்ளையைப் பெற்றதற்குப் புருசன் ஏசிய கதையையும் அங்கேதான் கொட்டினோம். வேறெங்கே கொட்டுவது?

பிறகு கொழும்பிலிருந்து, இப்படியான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தும் ஒரு நிறுவனத்தார் வரப்போவதாகச் சொன்னீர்கள். பிரதான வீதிக்குக் கிட்ட ஒரு கட்டிடம், படித்த ஆசிரியர்கள், கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க ஒருவர், பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு வேன். "எல்லாப் பிள்ளைகளுக்குமா டீச்சர்?" என்று நான் கேட்டேன். "ஓம், எல்லாப் பிள்ளைகளுக்கும்தான்" என்றீர்கள். அதைச் சொல்லும்போது நீங்கள் சீப்பால் ஜெசிக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அப்போது அது படவில்லை.

அவர்கள் வந்த நாளில் ஸபீனாவுக்குப் பெருநாளுக்குத் தைத்த பச்சைச் சட்டையைப் போட்டேன். வேனில் போகப் போகிறாய் என்று சொல்லிச் சொல்லியே தலை இழுத்துவிட்டேன். அவள் மேலே பார்த்தபடியே இருந்தாள். ஓம், ஓம், ஓம். கதிரையில் இருத்தி முன்வரிசையில் விட்டேன்.

வந்தவர்கள் ஆணும் பெண்ணுமாக மூன்று நான்கு பேர். ஜெசி கைமொழியில் பெயர் சொன்னாள். மற்றொரு பிள்ளை பந்தை எடுத்துக் கொடுத்தது. எல்லாருக்கும் சந்தோசம். நான் தேத்தண்ணித் தட்டத்தோடு வாசலில் நின்றேன். ஸபீனாவிடம் வந்தபோது அந்தப் பெண்மணி உங்கள் பக்கம் திரும்பி, "இவங்களுக்கு எப்படி?" என்று கேட்டார்.

நீங்கள் சொன்னீர்கள்: "இந்தப் பிள்ளைக்கு ஒண்டும் விளங்காது மிஸ். சும்மா மத்தப் பிள்ளைகளப் பாக்கட்டும் எண்டு இங்க வெச்சிருக்கம். அவவக் கணக்கில எடுக்கத் தேவல்ல."

ஸபீனா கண்ணை மூடினாள். சும்மா இமைக்கவில்லை, டீச்சர். நெற்றி சுருங்க, முகம் முழுவதும் சுருங்க, இறுக்கி மூடினாள். இல்லை என்றாள். திறந்து உங்களைப் பார்த்துவிட்டு மறுபடியும் மூடினாள். அந்த அறையில் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள் நீங்களும் நானும்தான்.

"நித்திரையாப் போறாங்க போல" என்றார் அந்தப் பெண்மணி.

"ஓம்" என்றீர்கள் நீங்கள்.

தட்டத்தை எங்கே வைத்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அவர்கள் போன பிறகு நீங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது.

"நடக்க ஏலுமான, தன்ட வேலையத் தானே பாக்கிற பிள்ளைகளத்தான் எடுப்பாங்களாம்" என்றீர்கள். "கஷ்டமான பிள்ளைகள் இருக்கெண்டு கண்டா இந்த இடமே சரிவராதெண்டு போயிருவாங்க. எனக்கு முதல்லயே சொல்லிட்டாங்க."

"முதல்லயே தெரியுமா உங்களுக்கு?"

"சொல்ல வாய் வரல்லகா. ஒரு பிள்ளைக்காக மத்தப் பிள்ளைகள் எல்லாத்தையும் விட ஏலுமா, சொல்லு."

"ஏலாதுதான். அதச் சொல்லியிருந்தா நானே அவளத் தூக்கிட்டு உள்ளுக்குப் போயிருப்பன். அவளுக்கு விளங்காதெண்டு ஏன் சொன்னீங்க?"

நீங்கள் சுருட்டிய பாயைச் சுவரோடு சாய்த்து வைத்தீர்கள்.

"உங்கட மகளுக்குத்தான் காது கேக்காது, டீச்சர். என்ட மகளுக்குக் கேக்கும்."

நீங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனீர்கள். அன்று மணி அடிக்கவில்லை.

கட்டிடம் திறந்தார்கள். நீங்கள் அங்கே படிப்பிக்கப் போனீர்கள், எங்கள் பக்கம் வரவில்லை. காலையில் வேன் எங்கள் படலையைத் தாண்டிப் போகும். அந்தச் சத்தம் கேட்டதும் ஸபீனா தலையைத் திருப்பப் பார்ப்பாள். அதை நான் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது வேறு. அவள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள். சோறு வேணுமா, நோகுதா, வாப்பா வந்திட்டாரா, எதைக் கேட்டாலும் கண்கள் ஓரிடத்திலேயே நிற்கும். மேலேயும் போகாது, மூடவும் மாட்டாது. சொல்லி என்ன பயன் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். மழைக்காலம் வந்து போனது, வெள்ளாமை வெட்டி முடிந்தது. என் பிள்ளை ஊமையாகவே இருந்தாள். முன்பு அவளுக்கு மொழி தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்தும் பேசவில்லை.

ஒரு காலையில் பாண்டிருப்பிலிருந்து ஒரு தாய் சின்னப் பெண்பிள்ளையொன்றைச் சுமந்துகொண்டு வந்தாள். புதிய பள்ளிக்கூடத்தில் எடுக்க மாட்டோம் என்றார்களாம். நெல் அறையைத் திறந்து பாயை விரித்து, பிள்ளையை ஸபீனாவுக்குப் பக்கத்தில் கிடத்தினேன். அது ஸபீனாவின் சட்டை ஓரத்தைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. "தங்கச்சி நாளைக்கும் வரட்டுமா?" என்று நம்பிக்கையில்லாமல்தான் கேட்டேன். என் மகள் மேலே பார்த்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாரும் அங்கே வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்கள். எழும்ப ஏலாதவர்கள், வலிப்பு வருபவர்கள், வயதுக்கு வந்த பிறகும் துணி மாற்றிவிட வேண்டியவர்கள். வாய்வழியாகக் கேள்விப்பட்டு வருகிறார்கள் என்று நினைத்தேன். உங்கள் செத்தவீட்டில்தான் உண்மை தெரிந்தது.

ஓம், வந்தேன். நீங்கள் நோயில் கிடந்தது எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் சொல்லவில்லை. ஜெசி என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பெரிய பெண்ணாகிவிட்டாள். பந்தலுக்குள் அந்தப் பாண்டிருப்புத் தாய் என் பக்கத்தில் வந்து இருந்து மூக்கைத் துடைத்தாள்.

"என்னை உங்களிட்ட அனுப்பினதே டீச்சர்தான், அக்கா. இங்க எடுக்க மாட்டாங்க, ஹபீபாட்டப் போ, அவ பாப்பா எண்டு காதுக்குள்ள சொன்னவ. தான் சொன்னதெண்டு மட்டும் சொல்லாத எண்டவ. எல்லாரையும் அப்பிடித்தான் அனுப்பினவ."

அவள் இதை உங்கள் நல்ல மனதுக்குச் சாட்சியாகச் சொன்னாள். எனக்கு நெஞ்சு எரிந்தது. வருடக்கணக்காக அந்த வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையாக என் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் சொன்னது பொய் என்பது உங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஞாபகம் இருந்திருக்கிறது. பாண்டிருப்பிலிருந்து ஒரு தாயைப் பிள்ளையோடு நடக்க வைத்தவருக்கு, சைக்கிளில் கொஞ்ச நேரம் மிதித்து என் படலைக்கு வர முடியாமல் போனது. என்னிடம் ஒன்றும் சொல்லியிருக்க வேண்டாம். நான் வளர்ந்தவள், எனக்குக் காரணம் விளங்கும். அவள் முன்னால் அந்த ஆசுபத்திரி விறாந்தையில் குந்தியதுபோல ஒருமுறை குந்தி, நான் பொய் சொன்னேன் மகள் என்று சொல்லியிருக்கலாம்.

இப்போது வருகிற தாய்மாரில் யாராவது தங்கள் பிள்ளை காதுபடவே, இதுக்கு ஒன்றும் விளங்காது என்று தொடங்கினால் நான் கையைக் காட்டி நிறுத்திவிடுவேன். "புள்ளயப் பத்திக் கதைக்க முதல் புள்ளையோட கதைங்க" என்பேன். அது உங்களிடம் படித்ததா, உங்களால் பட்டதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சுமக்கிறேன்.

செத்தவீட்டிலிருந்து வந்த பின்னேரம் ஸபீனாவிடம் சொன்னேன். டீச்சர் மவுத்தாகிட்டாங்க என்று. கன்னத்தால் தண்ணீர் இறங்கியது. துடைத்துவிட்டேன். மனம் டீச்சரைத் தேடுதா மகள் என்று கேட்டேன். மேலே பார்த்தாள். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று யோசித்துவிட்டு, இன்னும் கோவமா என்றும் கேட்டேன்.

மேலே பார்த்தாள், டீச்சர். நான் தலையைத் தடவினேன், முகத்தைத் துடைத்தேன், சரி மகள், விளங்கிட்டு என்றேன். அவள் கண்களை இறக்கவில்லை.