பின்பக்கம் இல்லாத பர்மிட்

மார்ச் 3, திங்கள்

பாதுகாப்புப் பிரிவின் நாற்பத்திரண்டு பர்மிட் ஃபைல்களையும் ஸ்கேன் செய்து, தொழிற்சாலை முழுக்கப் பார்க்கிற மாதிரி கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமாம். மேலாளர் ஒரு ஸ்கேனரை என் மேஜையில் வைத்துவிட்டு, "உங்களை நம்பித்தான் இருக்கேம்மா" என்று போய்விட்டார். எனக்கென்ன, சந்தோஷம்தான். பதினோரு வருடமாக அந்தத் தாள்களுக்குத் துளை போட்டுக் கோத்தது நான். அலமாரித் தூசியில் தும்மியே பாதி ஆயுள் போயிற்று.

மார்ச் 7, வெள்ளி

இருபத்தாறு முடிந்தது. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

எல்லாம் ஏற்றியாயிற்று. சொன்ன தேதிக்கு இருபது நாள் முன்னால்! மேலாளர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். பழைய தாள்கள் பதினெட்டுப் பெட்டி, வாசலில் அடுக்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமை வண்டி வந்து அரைக்க எடுத்துப் போகும்.

மார்ச் 12, புதன்

மானம் போயிற்று.

வெள்ளிக்கிழமை இரண்டாம் தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்யும் வேலை. இறங்குகிறவர் பர்மிட்டில், அதாவது அனுமதித் தாளில், கையெழுத்துப் போட வேண்டும். இனிமேல் தாள் கிடையாது, டேப்லெட்தான். முதல் கையெழுத்துக்கு மேலாளர் ஃபிட்டரைக் கூப்பிட்டார். ஃபிட்டர் வேறு யார், என் வீட்டுக்காரர்தான். இவர் டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பின்பக்கம் எங்க?" என்றார். கூட்டமே சிரித்தது. "அது இல்லாம நான் போட மாட்டேன்" என்று நடையைக் கட்டிவிட்டார். கட்டின புருஷனே என் வேலையைக் கிண்டல் செய்தால் மற்றவர்கள் மதிப்பார்களா? புதிதாக வந்த ஃபிட்டர் தம்பி வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

வீட்டில் பேச்சு இல்லை. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "பசி இல்லன்னு அம்மாகிட்ட சொல்லு." மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் என்ன தபால்பெட்டியா? நீங்களே பேசிக்கோங்க."

மார்ச் 13, வியாழன்

நிதானமாக எழுதுகிறேன்.

காலையில் வாசலில் அந்தப் பெட்டிகளைப் பார்த்ததும் ஆத்திரம். பின்பக்கம் பின்பக்கம் என்கிறாரே, அப்படி என்னதான் கிடக்கிறது? இரண்டாம் தொட்டியின் பெட்டியைப் பிரித்து ஒரு தாளைத் திருப்பினேன்.

பென்சில் எழுத்து. இவருடையது. "மூணாவது வால்வு தலைகீழா மாட்டியிருக்கு. இடப்பக்கம் திருப்பினாத்தான் மூடும்."

இன்னொன்றில் வேறு யாரோ: "ஏணி கடைசிப் படி ஆடுது." தாள் தாளாக இப்படியே. வேலைக்கு முந்தின நாள் ஃபைலை வாங்கிப் போவார்களே, இதற்குத்தான். எதற்கென்று ஒரு நாளாவது கேட்டேனா? முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டுப் பாராட்டு வாங்கினேன். நாளைக்கு அந்தத் தம்பி வலப்பக்கம் திருப்பி, மூடிவிட்டதாக நம்பி இறங்கியிருப்பான். குழாயில் நிற்கும் ரசாயனக் கரைசல் அவன் தலையில் கொட்டியிருக்கும். ஐயோ, நினைக்கவே முடியவில்லை.

மேலாளரிடம் ஓடினேன். "தப்பு என்னுது சார்" என்றேன். அவர் தாளைப் படித்தார், முகம் வெளுத்துவிட்டது. வேலையைத் தள்ளிவைத்தார். வண்டியும் வேண்டாம் என்றார்.

ஒன்று மட்டும் அவரிடம் காட்டவில்லை. இவர் கையெழுத்துப் போட்டு இறங்கிய ஒவ்வொரு தாளின் பின்பக்கத்து அடியிலும் சின்னதாக ஒரு வரி. "வெளியே வந்தாச்சு, 4.10." "வெளியே வந்தாச்சு, 2.35." மற்றவர்கள் யாரும் அப்படி எழுதவில்லை.

ராத்திரி, இவர் வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டுக்கு நானே போய்க் கூப்பிட்டேன். "வெளியே வந்தாச்சுன்னு யாருக்கு எழுதினீங்க?"

இவர் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "ஃபைல் யார்கிட்ட வரும்?" என்றார்.

"சொல்லியிருக்கலாமே."

"நீ பாத்திருப்பேன்னு நெனச்சேன்."

பதினோரு வருடம். இவர் தொட்டிக்குள் இறங்கும் நாளெல்லாம் மத்தியானச் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருப்பேன். பதில் என் அலமாரியிலேயே இருந்திருக்கிறது. அழுதுவிட்டேன். எழுத வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

மார்ச் 17, திங்கள்

பெட்டிகள் திரும்ப என் அறையில். ஷிஃப்ட் முடிந்ததும் இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அழிந்த பென்சில் எழுத்தையெல்லாம் வாசித்துச் சொல்கிறார், நான் தட்டுகிறேன். "கொஞ்சம் மெதுவாத்தான் தட்டேன், மேடம்" என்கிறார். கொழுப்பு.

மார்ச் 21, வெள்ளி

தலைகீழென்று இவர் எழுதிவைத்தும் நாலு வருடம் அப்படியே கிடந்த வால்வை இன்று நேராக மாட்டினார்கள். பர்மிட்டில் புதிதாக ஒரு கட்டம் வந்திருக்கிறது. "பின்பக்கம்" என்றே பெயர் வைக்கச் சொன்னேன். மேலாளர் சிரிக்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

இரண்டாம் தொட்டி. இவர்தான் இறங்கினார், தம்பி மேலே காவல். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

3.42க்கு அந்தக் கட்டத்தில் எழுத்து வந்தது. ஒற்றை விரலால் தட்டியிருப்பார், கால்மணி நேரம் ஆகியிருக்கும். "வெளியே வந்தாச்சு."

தொழிற்சாலை முழுக்கப் பார்க்கும் என்று தெரிந்தேதான் மனிதர் எழுதியிருக்கிறார். அதன் கீழேயே தம்பி: "அக்கா, பாத்துட்டீங்களான்னு கேக்கறார்."

பார்த்துவிட்டேன் என்று தட்டினேன். பிறகு டப்பாவைத் திறந்து, ஆறிப்போனதை முழுக்கச் சாப்பிட்டேன்.